சாவுக் கூலி

நின்றால் அறுநூறு.
விழுந்தால் எண்ணூறு.
மதில்மேலிருந்து விழுந்தால் ஆயிரத்து ஐநூறு,
அட்டைப்பெட்டி அடுக்கி மேலே மெத்தை உண்டு,
எலும்புக்கு நீதான் பொறுப்பு
என்றான் ஏஜெண்டு அலாவுதீன்.

வைகாசி. கோரையாற்று மணல் கொதித்தது.
தரிசாய்க் கிடந்த ஒரு வேலியை
இரண்டு மாதத்துக்கு வாடகை பேசி
ஒட்டுப்பலகையிலும் வெள்ளைச் சாந்திலும்
எழுப்பியிருந்தார்கள் கோட்டையை.
முன்பக்கம் கருங்கல். தட்டினால் டொக்கென்றது.
பின்பக்கம் சவுக்குக் கழி, கயிறு,
நிழலுக்கு ஒதுங்கிய சினையாடு ஒன்று.

கதை எல்லோருக்கும் சொல்லியாயிற்று.
பகைவன் வாய்க்காலை அடைத்துவிட்டான்.
கிணறு சேறாகி, சேறு ஓடாகி,
நாற்பத்தோராம் நாள் கதவைத் தாங்களே திறந்து
சாகப் போகிறார்கள். அவ்வளவுதான்.
"ஒருத்தனாவது பொழைப்பானா சார்?"
கேட்ட உத்திராபதியை
அன்றைக்கே யானைக்குத் தீனி வைக்க மாற்றிவிட்டார்கள்.

காலையில் நான் உள்ளே, நீல முண்டாசு.
சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே, சிவப்பு.
மீசையை மட்டும் மாற்றி ஒட்டினார்கள்.

"தாகத்தைக் காட்டுங்க" என்றார் இயக்குநர்.
நாக்கை நீட்டினோம். வேண்டாமாம்.
வானத்தைப் பார்க்கச் சொன்னார்.
வானத்தில் என்ன இருக்கிறது?
கடைமடைக்காரன் வானத்தைப் பார்ப்பது ஐப்பசியில்.
வைகாசியில் மதகைப் பார்ப்பான்,
லஸ்கர் வீட்டு வாசலைப் பார்ப்பான்,
டீக்கடைப் பேப்பரில்
அணை எத்தனை அடி என்று பார்ப்பான்.
வைரக்கண்ணு குனிந்து
வெடித்துக் கிடந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றான்,
அவ்வளவு பேர் நடுவில், தனியாக.
"கட். அந்த ஆளைப் பின்னால அனுப்பு."

ஆனி ஒன்பது. இரவுச் சண்டை. எழுபது பிணம்.
என் கழுத்தில் சர்க்கரைப்பாகு ரத்தம்,
அதில் எறும்பு.
பிணமாய்க் கிடப்பவனுக்குக் காது தரையில் இருக்கும்.
முதலில் கேட்டது வைரக்கண்ணுக்குத்தான்:
சருகுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி ஏதோ.
பிறகு வாசம்.
பிறகு அவன் குரல், செத்துக் கிடந்த இடத்திலிருந்தே:
"டேய், தண்ணிடா."

எழுபது பிணமும் எழுந்து ஓடினோம்.
ஜெனரேட்டர் வண்டி போக வெட்டிய கரை வழியே
வந்த தண்ணீர் வடிகாலுக்குப் போகப் பார்த்தது.
மண்வெட்டி இல்லை. கோணிச் சாக்கு இல்லை.
அரசனின் கேடயத்தை உடைப்பில் நட்டு
ஆறு சிவப்பு, ஐந்து நீலம், முதுகு கொடுத்து
சேற்றை வாரி அப்பினோம்.
மார்புக் கவசத்துக்குள் குளிர்ந்து ஏறியது காவிரி.
நாற்றங்காலுக்கு மடை திரும்பும்போது
கிழக்குக் கொத்தளம் காலடி ஊறி
மெதுவாக, மரியாதையாக, சாய்ந்தது.

திட்ட வாயைத் திறந்த இயக்குநர்
அதைப் பார்த்ததும் கேமராவைத் திருப்பச் சொன்னார்.
ஒரு வசனமும் சேர்த்துவிட்டார்கள்:
"தண்ணீர் வந்துவிட்டது மன்னா,
பருகத்தான் ஆள் இல்லை."

தையில் திருவாரூரில் படம்.
சிவப்பில் நின்று நான் விட்ட அம்பு
நீலத்தில் நின்ற என் நெஞ்சிலேயே பாய்கிறது.
அரை விநாடி. தோள் மட்டும்தான் தெரிந்தது. நான்தான்.
அந்த வசனத்துக்கு அரங்கமே மூக்கைச் சிந்த,
முன்வரிசையில் எங்கள் ஊர் விசிலடித்தது.
பின்னாலிருந்து ஒருத்தர் அதட்டினார்:
"சாவுல என்னய்யா சிரிப்பு?"
வைரக்கண்ணு திரும்பி,
"அது எங்க வாய்க்கால் சார்" என்றான்.

அந்த வயலில் இன்னும் உழும்போது
வெள்ளைக் கட்டி இடறும்.
கேடயம் மடையில்தான் இருக்கிறது,
சிங்கத்தின் முகம் பாதி சேற்றில்.
மதிலிலிருந்து விழுந்தேன், விழுந்ததற்கு
எண்ணூறுதான் கொடுத்தார்கள்.
அலாவுதீன் போனை எடுப்பதில்லை.